நகையை மேல வெச்சு காலேஜ் பீஸ் கட்டலாமா, இல்ல கல்விக்கடனா?

கேள்வி, 6 செப்டம்பர் 2025

திருப்பூர் பக்கம், டையிங்ல வேலை. பையன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், கவுன்சிலிங்ல கிடைச்ச சீட்டு. முதல் வருஷம் நகையை வெச்சு கட்டினேன். இப்ப கிரெடிட் கார்டு பாக்கி இருக்கு, வீட்ல அவங்க பேர்ல மைக்ரோ பைனான்ஸ் குழு லோன் ரெண்டு, வெளிய கைவட்டி 50,000. இந்த மாசம் பீஸ் கட்டணும். பவுன் 80,000 ஆயிருச்சு, அதே நகைக்கு மேல பணம் தர்றோம்னு போன் பண்ணி கூப்பிடறாங்க. வாங்கிக்கட்டுமா? கல்விக்கடன் கேட்டதுக்கு பேங்க்ல உங்க சிபில், அதான் கடன் ஸ்கோர், சரியில்லன்னு நின்ன வாக்குல அனுப்பிட்டாங்க. பையனுக்கு இதெல்லாம் தெரியக்கூடாது, அது ஒண்ணுதான் என் கவலை.

6 செப்டம்பர், ராத்திரி

வாங்காதீங்கண்ணா. அதே நகைதான உள்ள இருக்கு, விலை ஏறுனதுனால நம்ம கைக்கு என்ன வந்துச்சு, வட்டி போடற அசல்தான் ஏறும்.

எங்க வீட்லயும் இதே நிலைமைதான், அதனால சொல்றேன். வீட்டுக்காரரு நாலு தையல் மெஷின் போட்டு பவர் டேபிள் ஜாப் ஒர்க் பண்றாரு, நான் ஒரு கம்பெனியில செக்கிங். பாப்பா இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், தம்பி பத்தாவது. போன மாசம் 27ந்தேதி அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்குனானே, அதுல இருந்து அவருக்கு மால் வர்றது பாதிக்குப் பாதி, சனிக்கிழமை ஆனா டெய்லருக்குச் சம்பளம் குடுத்துட்டு வீட்டுக்கு வெறுங்கையோட வர்ற வாரமும் இருக்கு.

முதல்ல ஒரு நோட்டு போட்டு எல்லாக் கடனையும் எழுதுங்க. எவ்வளவு பாக்கின்னு எழுதறத விட நூத்துக்கு மாசம் எத்தனை வட்டின்னு எழுதுங்க, நம்ம ஊர்ல பேசற மாதிரியே. கைவட்டிக்காரரு 2 வட்டியோ 3 வட்டியோ. பேங்க் நகைக்கடன் 1 வட்டிக்குள்ள. கல்விக்கடனும் 1 வட்டிக்குள்ளதான். கிரெடிட் கார்டு 3.5 வட்டி, சில கார்டு அதுக்கும் மேல போகும், அது போக ஜிஎஸ்டி வேற. ஊர்ல ஒருத்தரு 3.5 வட்டி கேட்டா என்ன அநியாயம்னு பேசுவோம், அதையே மெசேஜ்ல அனுப்புனா பேசாம கட்டறோம்.

7 செப்டம்பர்

கார்டு பத்தி ரெண்டு பேர் நம்பலைன்னு எழுதியிருந்தீங்க. கணக்கு இந்தாங்க. 60,000 பாக்கி, மாசம் 3.5ன்னா வட்டி 2,100. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 378. ஆக 2,478. மினிமம் டியூ 5 சதவீதம்னு வெச்சா 3,000. நீங்க 3,000 கட்டுனதுல அசல்ல கழியறது 522 ரூபா. அந்த மாசமே ஒரு பெட்ரோல், ஒரு மளிகைன்னு தேய்ச்சுட்டீங்கன்னா அந்த 522ம் போச்சு. பழைய பாக்கி நிக்கறப்ப புதுசா தேய்க்கறதுக்கு அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுரும், அந்த 45 நாள் 50 நாள் வட்டியில்லாங்கறதெல்லாம் முழுசா கட்டறவங்களுக்கு மட்டும்.

அதனால முதல்ல அடைக்க வேண்டியது கார்டு. கைவட்டிக்காரரு வாசல்ல வந்து நிக்கறாருன்னு அவருக்கு முதல்ல கட்டறோம், சத்தம் போடாதவனுக்குக் கடைசியில கட்டறோம். கணக்குப் படி பாத்தா தலைகீழ்.

9 செப்டம்பர்

கல்விக்கடன் விஷயத்துக்கு வரேன், அண்ணன் கேட்டதே அதுதான்.

பேங்க்ல வாயில சொல்லி அனுப்பிட்டா அது மறுப்பே கிடையாது, நீங்க விண்ணப்பமே குடுக்கல, அவ்வளவுதான். கல்விக்கடனுக்குன்னே இருக்கற வித்யாலட்சுமி போர்ட்டல்ல ஆன்லைன்ல போடுங்க. நம்பர் விழுந்துச்சுன்னா அவங்க ஏத்துக்கணும், இல்ல காரணத்தை எழுதி மறுக்கணும். 4 லட்சம் வரைக்கும் ஜாமீனும் கேக்கக் கூடாது, நம்ம கையில இருந்து மார்ஜினும் போட வேண்டாம். 7.5 லட்சம் வரைக்கும் அரசாங்க கியாரண்டி இருக்கு, வீட்டுப் பத்திரம் கொண்டுவான்னா எதுக்குன்னு கேளுங்க. உங்க வீடு எங்க பிராஞ்ச் ஏரியா இல்லன்னு ஒரு பதில் வரும், அதையும் காரணமா சொல்லக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2012லயே சொல்லியாச்சு. டியூஷன் பீஸ் மட்டும் இல்ல, ஹாஸ்டல், பரீட்சை பீஸ், புக்கு, லேப்டாப் வரைக்கும் இதுல வரும். நடு வருஷத்துலயும் மிச்ச வருஷங்களுக்குக் கேக்கலாம்.

சிபில். 2023ல கேரளா ஹைகோர்ட் ஒரு கேஸ்ல மாணவனோட சிபில் கம்மின்னு கல்விக்கடனை மறுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. அது படிக்கற பையனோட ஸ்கோர் பத்தினது, அப்பா ஸ்கோருக்கு அதை நீட்டிப் பேச முடியாது, பேங்க்ல போய் இதைச் சொல்லி சண்டை போட்டுராதீங்க. அதுக்கு வேற வழி இருக்கு. கூட கையெழுத்து போடறது அப்பாதான்னு சட்டம் இல்லையே, அம்மா போடலாம். எங்க வீட்ல அவருக்குக் கார்டு லேட் ஆகி ஆகி ஸ்கோர் படுத்துக் கிடந்துச்சு. எனக்குக் குழு லோன் வாராவாரம் தவறாம கட்டுனதுல ஸ்கோர் ஜம்முனு நின்னுச்சு. மழையோ காய்ச்சலோ சென்டர் மீட்டிங்குக்குப் போய் உக்காந்ததுக்கு அன்னைக்குத்தான் ஒரு மரியாதை கிடைச்சுது. அண்ணிக்கு குழு லோன் இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அவங்க ஸ்கோரை எடுத்துப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாவே எடுக்கலாம்.

9 செப்டம்பர், திரும்பவும்

ஒண்ணு விட்டுப்போச்சு. வருஷ வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கற காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் வட்டியை மத்திய அரசு கட்டும், காலேஜுக்கோ கோர்ஸுக்கோ தரம் பாத்துக் குடுக்கற நாக், என்பிஏ அங்கீகாரம் இருக்கணும். தாசில்தார் ஆபீஸ் வருமானச் சான்று வேணும், இ-சேவையில போடலாம். இதை நாமளா கேட்டாத்தான் நடக்கும். லோன் போட்டுட்டா வட்டி மானியம் தானா வந்துரும்னு சும்மா இருந்தவங்க நிறைய.

2024 நவம்பர்ல வந்த பிஎம் வித்யாலட்சுமி வேற திட்டம், அது தேர்ந்தெடுத்த காலேஜுக்குத்தான், ஆரம்பிச்சப்ப 860. நம்ம பிள்ளைங்க காலேஜ் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துட்டுப் பேசுங்க.

12 செப்டம்பர்

"வட்டி வட்டிதானக்கா, எங்க வாங்குனா என்ன"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு. வருஷம் 1 லட்சம், நாலு வருஷம்னு வெச்சுக்கலாம். கல்விக்கடன் 10 சதவீதம், படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தனி வட்டிதான். முதல் லட்சத்துக்கு 5 வருஷ வட்டி 50,000, அடுத்ததுக்கு 40,000, அப்புறம் 30,000, 20,000. மொத்தம் 1.4 லட்சம். மானியம் கிடைச்சா இந்த 1.4 லட்சமும் நம்ம தலையில இல்ல. அதே பணம் 2 வட்டிக்கு வெளிய வாங்குனா 1.2 லட்சம், 96,000, 72,000, 48,000. கூட்டுனா 3.36 லட்சம், அசல் 4 லட்சம் அப்படியே நிக்குது, அதுவும் இந்த வட்டியை மாசாமாசம் கையில இருந்து கட்டணும். தம்பி, இதான் என்ன.

15 செப்டம்பர்

பேச்சு பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிருச்சு, போகட்டும், எனக்கும் அதுல சொல்ல நிறைய இருக்கு.

என் கருத்து, கல்லூரிக்குக் கடன் வாங்கறத விட பள்ளிக்கூடத்துக்குக் கடன் வாங்கறதுதான் ஆபத்து. அதுக்குன்னு சல்லிசான லோன் எதுவும் கிடையாது, அதனால நகை, கைவட்டி, ஏலச்சீட்டை முன்னாடியே தள்ளி எடுக்கறதுன்னுதான் போகும். காலேஜ் வர்றதுக்குள்ள நகையும் தீந்து ஸ்கோரும் தீந்துரும்.

பாப்பாவை ஆறாவதுல இருந்து மெட்ரிக்ல போட்டோம். தம்பி 2021ல ஆறாவது, கொரோனா முடிஞ்சும் முடியாமலும் இருந்த நேரம், பீஸ் கட்ட வழியில்லாம மாநகராட்சி ஸ்கூல்ல சேத்தோம். எங்க மாமியார் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அதே 2021லதான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்லயும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்துச்சு, மெடிக்கலுக்கு அதுக்கு முந்துன வருஷமே வந்தது. ஆறுல இருந்து பன்னண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். அதுல சீட்டு கிடைச்சா டியூஷன் பீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுது. நாத்தனார் பொண்ணு அப்படித்தான் படிக்குது, காலேஜுக்குன்னு அவங்க ஒரு ரூபா கடன் வாங்கல. இது போக பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல இருந்து தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000. பஸ் காசு, ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டுன்னு அதுக்குள்ள ஓட்டிக்கலாம்.

இப்ப சொந்தக்காரங்க எல்லாம் தம்பியை பதினொண்ணுக்குப் பெரிய ஸ்கூல்ல போடுங்க, மார்க் வரும்னு சொல்றாங்க. ரெண்டு வருஷப் பீஸுக்குக் கடனும் வாங்கி, 7.5யும் விட்டுட்டு, புதல்வனையும் விட்டுட்டு, அந்த மார்க் எங்களுக்கு எதுக்குங்க.

15 செப்டம்பர், கொஞ்சம் கழிச்சு

மேல எழுதுனதைப் படிச்சா எல்லாரும் அரசுப் பள்ளிக்குத்தான் போகணும்னு அதட்டற மாதிரி இருக்கு. கணக்கு வாத்தியாரே இல்லாம ஒரு வருஷம் ஓடுன ஸ்கூலும் தெரியும். நான் சொல்றது எட்டாவது, ஒன்பதாவதுக்கு மேல மாத்தறதைப் பத்தி. அந்த நேரத்துல மாத்தினா என்ன போகுதுன்னு கணக்குப் போட்டுட்டு மாத்துங்க.

பீஸ் பாக்கின்னு டிசி தராம இழுத்தா 2024ல மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்னதைச் சொல்லுங்க. டிசியைப் பீஸ் வசூல் பண்ற கருவியா வெச்சுக்கக் கூடாது, பாக்கியை அதுல எழுதவும் கூடாதுன்னு தீர்ப்பு இருக்கு. பாக்கியை அவங்க கேக்கலாம், அது வேற விஷயம்.

20 செப்டம்பர்

முதல் பட்டதாரி சான்று பத்தி கேட்டவங்களுக்கு. கவுன்சிலிங்ல போன சீட்டுக்கு மட்டும்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. டியூஷன் பீஸ்ல குறையும். வீட்ல ஒரு பிள்ளைக்குத்தான், பாப்பா வாங்கிட்டா தம்பிக்கு இல்ல.

28 செப்டம்பர்

ரெண்டு வாரமா ஒரு யோசனை உறுத்திட்டே இருக்கு. கல்விக்கடனை ரொம்பத்தான் தூக்கி வெச்சுப் பேசிட்டேனோன்னு.

நகைக்கடன் என் தலையில. கல்விக்கடன்ல பிள்ளை பேருதான் முதல்ல இருக்கு. படிச்சு முடிச்சு ஒரு வருஷத்துக்குள்ள வேலை அமையலைன்னா தவணை ஆரம்பிச்சுரும், கட்டலைன்னா பிள்ளை ஸ்கோரும் போகும் கூடக் கையெழுத்து போட்டவங்க ஸ்கோரும் போகும். 2016ல மதுரையில ஒரு இன்ஜினியரிங் படிச்ச பையன் கல்விக்கடன் வசூல் தொல்லையில உயிரை விட்டான், பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அப்ப எங்க தெருவுல பாதிப் பேரு கல்விக்கடனே வேண்டாம்னு சொன்னாங்க. பயம் நியாயமானதுதான்.

ஆனாலும் நான் வாங்குங்கன்னுதான் சொல்லுவேன், ஒரு கண்டிஷனோட. கேக்கற அளவை நம்ம பிள்ளை படிப்புக்கு முதல் வேலையில என்ன சம்பளம் கிடைக்குதோ அதை வெச்சு முடிவு பண்ணுங்க. சீனியர் பிள்ளைங்க எங்க போயிருக்காங்கன்னு விசாரிங்க, காலேஜ் போர்டுல ஒட்டுன போட்டோவைப் பாக்காதீங்க. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு வாங்கி, அதுக்கு மேல டொனேஷனுக்கு நகையும் வெச்சு, 10 லட்சத்தைத் தாண்டறதெல்லாம் நான் சொல்ற கணக்குலயே வராது. வேலை கிடைக்கலைன்னா பேங்குக்குப் போன் எடுக்காம இருக்கறதுதான் பெரிய வில்லங்கம், நேர்ல போய் எழுதிக் குடுத்துத் தவணையை நீட்டக் கேக்கணும். திருப்பிக் கட்டறதுக்கு 15 வருஷம் வரைக்கும் இடம் இருக்கு.

14 அக்டோபர்

போனஸ் வந்துச்சு. எனக்குத்தான், அவருக்கு யாரு குடுக்கறது, அவருதான் டெய்லருங்களுக்குக் குடுக்கணும். 20ந்தேதி தீபாவளி. பாதியைக் கார்டுக்குப் போட்டுட்டேன், போட்ட கையோட கார்டையும் பீரோவுல பூட்டியாச்சு, சாவி பாப்பாகிட்ட. நேத்து அவரு பெட்ரோல் போட நூறு ரூபா குடுன்னு அவகிட்ட கேட்டு நின்னாரு பாருங்க.

16 அக்டோபர்

நகை திருப்பற விஷயம் கேட்டிருக்கீங்க. முன்னாடியெல்லாம் வருஷம் முடிஞ்சா வட்டியை மட்டும் கட்டிட்டு மாத்தி வெச்சுருவோம். இந்த வருஷம் நிறைய பேங்க்ல அசலோட முழுசாக் கட்டு, அப்புறம் புதுசா வைன்னு சொல்லிட்டாங்க. கையில அவ்வளவு பணம் யாருகிட்ட இருக்கு, அதனால ஒரு நாளைக்கு வெளிய புரட்டி, திருப்பி, மறுநாள் வெச்சு, அதைக் குடுக்கறது. அந்த ஒரு ராத்திரிக்கு வட்டி வாங்கறதுக்குன்னே பேங்க் வாசல்ல ஆள் நிக்குது.

நாங்க பண்ணது வேற. எல்லா நகையையும் ஒரே லோனா வைக்காம மூணாப் பிரிச்சு வெச்சோம். தோடு தனி, செயின் தனி, வளையல் தனி. ஒவ்வொண்ணா திருப்பறதுக்குச் சின்னத் தொகை போதும். தோடு வீட்டுக்கு வந்துருச்சு. செயினை வித்துட்டோம். ஆமா, வித்துட்டோம். பவுன் ஏறுனதுல விலை நல்லா கிடைச்சுது, அதுல அந்த லோனும் அடைஞ்சு கைவட்டியும் முடிஞ்சுது. பாப்பா கல்யாணத்துக்குன்னு வெச்ச செயின்னு அம்மா வீட்ல பேச்சு வாங்குனேன். பேங்க் பெட்டிக்குள்ள கிடந்த செயினை எந்தக் கல்யாணத்துக்குப் போட.

17 அக்டோபர்

குழு லோன் அக்காங்களுக்கு ஒரு விஷயம். மைக்ரோ பைனான்ஸ்காரங்க காலைல 9 மணிக்கு முன்னாடியோ சாயங்காலம் 6 மணிக்கு மேலயோ வசூலுக்குத் தொல்லை பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. மத்த லோனுக்கு 8ல இருந்து 7. குடும்பத்தோட மாச வருமானத்துல பாதிக்கு மேல தவணை போற மாதிரி புது லோன் தரவும் கூடாது. நடைமுறையில ஏழு மணிக்கே வாசல்ல நிக்கறாங்க, பக்கத்து வீட்டு அக்கா கட்டலைன்னா அஞ்சு பேரும் உக்காந்திருக்கணும்னு சொல்றாங்க, தெரியும். விதியைச் சத்தமாச் சொல்லிப் பாருங்க, வர்ற தம்பி குரல் இறங்குது. மீட்டர் வட்டி, கந்து வட்டிக்கு 2003லயே சட்டம் இருக்கு, கடன் வசூல் மிரட்டலுக்கு 2025ல இன்னொரு சட்டமும் போட்டாச்சு.

25 அக்டோபர்

லேப்டாப் கடைக்காரரு 12 சதவீதம்தான்னு சொன்னாருன்னு ஒருத்தர் எழுதியிருக்கீங்க. பிளாட்டா, குறையற அசலுக்கான்னு கேளுங்க. 1 லட்சத்துக்கு 12 பிளாட்னா ஒரு வருஷத்துக்கு மாசம் 9,333. அசல் மாசாமாசம் குறைஞ்சுட்டே வருது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போடறாங்க, உண்மையில அது கிட்டத்தட்ட 21 சதவீதம். கல்விக்கடன்லயே லேப்டாப் வரும்னு மேல எழுதியிருக்கேனே, யாரும் மேல படிக்கறதே இல்லையா.

8 நவம்பர்

பையனுக்குத் தெரியக்கூடாதுன்னு அண்ணன் முதல்ல எழுதுனதுக்கு இத்தனை நாளா பதில் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு இல்ல, எனக்கே ரெண்டு மனசா இருந்துச்சு.

மறைக்க முடியாதுங்க. வீட்ல யாரு போன் அடிச்சா அப்பா எந்திரிச்சு வெளிய போறாருன்னு பிள்ளைங்களுக்குத் தெரியும். என்ன கடன், எவ்வளவுன்னுதான் தெரியாது, அதனால பெருசா நினைச்சுப் பயந்துக்கும். கல்விக்கடன் படிவத்துல பாப்பாவே கையெழுத்து போடணும், அப்ப அந்த நோட்டை எடுத்துக் குடுத்துட்டேன். அழுவான்னு நினைச்சேன். அவ பாட்டுக்குப் படிச்சுட்டு, ஏம்மா கார்டு பாக்கியை வெச்சுட்டு சீட்டு கட்டறீங்க, சீட்டுல இவ்வளவு வருமான்னு கேட்டா. கோவம்தான் வந்துச்சு எனக்கு.

தம்பிக்கு நோட்டைக் காட்டல. பத்தாவது பரீட்சை முடியட்டும். சின்னதுங்களுக்குத் தொகை வேண்டாம், இந்த மாசம் கையில காசில்லன்னா இல்லன்னு சொன்னாப் போதும். உனக்காகத்தான் இவ்வளவு கடன்னு மட்டும் பிள்ளை முகத்துக்கு நேரா சொல்லிராதீங்க. எங்க வீட்ல ஒரு கோவத்துல அவரு சொல்லிட்டாரு, பாப்பா ரெண்டு நாள் காலேஜுக்குப் போகல. உண்மையும் அது கிடையாது, நோட்டுல பாத்தா பாதிக் கடன் மெஷினுக்கும், கொழுந்தனார் கல்யாணத்துக்கும், ஒரு ஆஸ்பத்திரிக்கும் வாங்குனது.

23 நவம்பர்

தேர்தல் வருது, கல்விக்கடன் தள்ளுபடி வரும், கட்டாதீங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்துது. 2021ல கூட்டுறவு சங்கத்துல 5 பவுன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடி ஆச்சு, எங்க ஓரகத்திக்கே கிடைச்சுது, அதனால ஆசை வர்றது சகஜம். வந்தா வாங்கிக்கலாம். வராதுன்னு வெச்சுக் கட்டுங்க, ஓவர்டியூ ஆன ஸ்கோரை யாரும் தள்ளுபடி பண்ண மாட்டாங்க.

6 டிசம்பர்

அண்ணன் தனியா எழுதியிருந்தாரு, இங்க போடச் சொன்னாரு. அண்ணி பேர்ல போட்டு லோன் சாங்ஷன் ஆயிருச்சாம், பேங்க்ல இருந்து நேரா காலேஜுக்கே பணம் போயிருச்சாம். நகையை மேல வைக்கல. இப்ப கேக்கறது, செப்டம்பர்ல கைமாத்து வாங்கி கட்டுன பீஸை பேங்க்ல திருப்பித் தருவாங்களான்னு. சில பேங்க்ல ரசீது காட்டுனா கணக்குல சேப்பாங்க, ஒரிஜினல் ரசீதும் கட்டுன தேதியும் தெளிவா இருக்கணும். திங்கக்கிழமை போங்க, மேனேஜரைப் பாக்கறதுக்கு முன்னாடி லோன் செக்‌ஷன்ல உக்காந்திருக்கற அந்தம்மாவைப் பாருங்க, பைலை எடுத்துட்டுப் போறது அவங்கதான். வருமானச் சான்றும் கையோட எடுத்துட்டுப் போய் வட்டி மானியத்துக்கு எழுதிக் குடுத்துட்டு வாங்க.